சம்பந்தியின் பேரில் வந்த அழைப்பு

மாசி 6, செவ்வாய்

டொக்டர் ஒரு கொப்பி வாங்கி ஒவ்வொரு நாளும் ஏதாவது எழுதச் சொன்னவர். எனக்கு எழுபத்தாறு வயசு, மறதி தொடங்குதோ எண்டு பாக்க வேணுமாம். எனக்கோ மறதி? போன முறை அவர் கட்டியிருந்த கழுத்துப்பட்டி பச்சை. அதுக்கு முந்தின முறை என்னை வெளியில காக்க வைச்சுப்போட்டு ஒரு சொல்லுக்கும் மன்னிப்புக் கேக்கேல்லை. எனக்கு ரெண்டும் ஞாபகம். அவருக்குத்தான் ரெண்டும் ஞாபகமில்லை.

நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவள். எழுத்துக் குண்டு குண்டாத்தான் வரும்.

காலமை புட்டு. வெளியில பனி முழங்காலளவு.

மாசி 11, ஞாயிறு

மருமகள் சுகிர்தா என்னவோ ஒளிக்கிறாள்.

அரிசி கழுவேக்க வாய் முணுமுணுக்குது. இங்கிலீசு மாதிரியும் இல்லை, தேவாரம் மாதிரியும் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே தோளைத் தொடுறாள், முழங்கையைத் தொடுறாள், குனிஞ்சு முழங்காலைத் தட்டுறாள். செவ்வாயும் வியாழனும் வேலை முடிஞ்சு நேர வீட்டுக்கு வாறதில்லை. வந்தாலும் பேஸ்மென்றுக்குப் போய்க் கதவைச் சாத்திறாள். புதுசா ஏதும் சபையில சேந்திட்டாளோ தெரியாது.

எங்கை போறாய் எண்டு கேட்டால் முடிஞ்சுது. ஆனா வெளிக்கிட்டு நிக்கிற ஆளைப் பாத்து எங்கை எண்டு கேக்கிற பழக்கம் எங்கட வீட்டில இல்லை. கேட்டால் போற காரியம் சரிவராது. அதாலை கேக்காமல் கண்டுபிடிக்க வேணும்.

மாசி 24, சனி

உடுப்புத் தோய்க்கிற மெசின் பேஸ்மென்றிலதான் இருக்குது. நான் நாலு துவாயைக் கூடைக்குள்ள போட்டுக்கொண்டு இறங்கிப் போனன். துவாய் எல்லாம் தோய்ச்சதுதான்.

சுவரில ஒரு எலும்புக்கூட்டுப் படம், ஆள் உயரம். ஒவ்வொரு எலும்பிலயும் மஞ்சள் துண்டு ஒட்டிக் கிடக்கு. பக்கத்தில இன்னொரு படம், தோலுரிச்ச மனுசன். பயமாத்தான் இருந்தது, ஆனா விட்டுட்டு வர மனமில்லை. ஈரல் வலப்பக்கமாம். இவ்வளவு காலமும் இடப்பக்கத்தைத் தடவிக்கொண்டு ஈரல் நோகுது எண்டு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறன்.

பேத்தி மிதுரா பின்னால வந்து நிக்கிறாள். பன்ரெண்டு வயசு, பூனை மாதிரி நடை.

"அப்பம்மா, அது அம்மாவின்ர படிப்பு. உங்களுக்குச் சொல்லக்கூடாதாம்."

"அப்ப என்னத்துக்குச் சொன்னனீ?"

"நீங்கள்தானே பாத்திட்டியள்."

பங்குனி 3, ஞாயிறு

இண்டைக்குச் சுகிர்தா தானாச் சொன்னாள். மிதுரா அங்கையும் சொல்லியிருப்பாள்.

நேர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். ஏற்கெனவே ஒரு பட்டம் வைச்சிருக்கிற ஆக்களுக்கு, நாலு வருசப் படிப்பை நெருக்கி ரெண்டு வருசத்தில முடிக்கிற மாதிரி ஒண்டு இருக்காம். அதுக்குள்ள போறதுக்கு முதல் உடம்பைப் பற்றின பாடம் சிலது தனியாப் படிச்சுப் பாஸ் பண்ண வேணும். அதுதான் செவ்வாயும் வியாழனும். அவளுக்கு முப்பத்தொன்பது வயசு. காப்புறுதிக் கம்பனியில கார் இடிபட்ட கணக்குப் பாக்கிற நல்ல வேலை. எண்பது இடத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல கேக்கிறாங்களாம்.

"ஏன் பிள்ளை இப்ப?" எண்டு கேட்டன்.

"பத்தொன்பது வயசிலயே கேட்டனான் மாமி. அப்பா விடேல்லை."

அந்த மனுசனைப் பற்றி இந்தக் கொப்பியில எழுதுறதில்லை எண்டுதான் இருந்தனான். அரசாங்க ஆஸ்பத்திரியில அப்போதிக்கரி. டொக்டருக்கு ஒரு படி கீழை, ஆனா நடை டொக்டருக்கு மேல. என்ர பிள்ளை ஊரான்ர மூத்திரம் அள்ளுறதோ எண்டு கேட்டாராம். ஆஸ்பத்திரியிலயே சம்பளம் வாங்கின மனுசன்.

எனக்கும் அவருக்கும் உள்ளது வேற. என்ர மகன் கேதீஸின்ர கலியாண எழுத்து கொழும்பில. சாட்சிக் கையெழுத்து வைக்க என்னைக் கூப்பிட்டினம். நான் கதிரையால எழும்பேக்க அந்த மனுசன் பதிவுகாரரிட்டைச் சொல்லுறார்: "சம்பந்தியம்மாவுக்கு மை டப்பியைக் குடுங்கோ." பெருவிரல் வைக்கவாம். சபை முழுக்கக் கேட்டது. மூண்டு பேர் சிரிச்சவை. அந்த மூண்டு பேரும் ஆர் எண்டு இப்பவும் சொல்லுவன். நான் பேனையை வாங்கி அழுத்தி எழுதினன், தாள் கிழிஞ்சு போச்சு.

அதுக்குப் பிறகு அந்த மனுசனோட நான் கதைக்கேல்லை. அவர் செத்து நாலு வருசம். இன்னும் கதைக்கேல்லை. பேரும் சொல்லுறதில்லை, எழுதுறதுமில்லை.

ஆனா இந்தப் படிப்பை அவர் வேண்டாமெண்டவர். அப்ப அவள் படிக்கத்தான் வேணும்.

பங்குனி 4, திங்கள்

ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு கேதீஸ் சொன்னான். இடம் கையில வந்த பிறகுதான் மற்றவைக்கு. நாவூறு பொல்லாதது. ஓமெண்டன். எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சித்திரை 20, சனி

சுகிர்தாவுக்கு அடுத்த கிழமை ஒரு சோதினை. கொம்பியூட்டர் ஒரு சங்கடமான கதையைச் சொல்லி, நீ என்ன செய்வாய் எண்டு கேக்குமாம். ஒரு நிமிசத்துக்குள்ள அதுக்கு முகத்தைப் பாத்துப் பதில் சொல்ல வேணும். மனுசர் ஆரோ பிறகு இருந்து பாப்பினமாம். புத்தகத்தில இல்லாததைச் சோதிக்கிற சோதினை. இப்பிடி ஒண்டு இருக்கிறது எனக்குத் தெரியாது. நான் வெங்காயம் உரிக்க அவள் கேள்வியை வாசிச்சாள்.

"உங்களோட வேலை செய்யிற ஒருத்தி உங்கட யோசினையைத் தன்ர எண்டு மேலிடத்தில சொல்லிப்போட்டா. என்ன செய்வியள் மாமி?"

"கதைக்க மாட்டன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அவள் சாகும் வரைக்கும்."

"ஒரு நோயாளி உங்களைக் கேவலமாப் பேசுறார். ஆனா அவருக்கு மருந்து குடுக்க வேண்டிய நேரம்."

"குடுப்பன். கசப்பானதாப் பாத்து."

அவள் பேனையைக் கீழை வைச்சிட்டுக் கண்ணீர் வரச் சிரிச்சாள். எனக்குச் சைபராம். "நீங்கள் சொல்லுறதுக்கு நேரெதிராச் சொன்னா நான் பாஸ் மாமி" எண்டாள். சொல்லட்டும். ஆனா நான் படுக்கப் போன பிறகும் அந்த நோயாளியை யோசிச்சன். ஏன் அவன் பேசினவன்? நோவாலையோ, குணமே அதுவோ? அதைக் கேள்வியில சொல்லேல்லை. சொல்லாமல் எப்பிடிப் பதில் சொல்லுறது?

வைகாசி 17, வெள்ளி

பதில் வந்திட்டுது. ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. காத்திருக்கிற வரிசையில போட்டிருக்கினம். இடம் கிடைச்ச ஆர் எண்டாலும் வேண்டாமெண்டால் வரிசையில அடுத்த ஆளைக் கூப்பிடுவினமாம். சுகிர்தா வரிசையில எத்தினையாவது எண்டு சொல்ல மாட்டினமாம். நான் ரெண்டு தரம் கேட்டன், எந்த ஊரில வரிசை நம்பர் சொல்லாமல் ஆக்களை நிப்பாட்டுறது எண்டு.

இண்டையில இருந்து சுகிர்தா போனைக் கையால விடுறதில்லை. ஆனா வேலையில போனைப் பூட்டி வைக்கிற பெட்டி இருக்காம். அதாலை வீட்டு நம்பரையும் குடுத்திருக்கிறாள்.

ஆனி 11, செவ்வாய்

இண்டைக்கு எனக்கொரு வெற்றி.

மத்தியானம் வீட்டில நான் தனிய. போன் அடிச்சுது. ஒரு வெள்ளைக்காரப் பொடியன், குரல் மெத்தை மாதிரி. பின்னால ஆரோ தாள் அச்சடிக்கிற சத்தம். எனக்குக் கொஞ்ச இங்கிலீசு விளங்கும். அவன் ஆரைக் கேக்கிறான் தெரியுமோ? அந்த மனுசனை. பேரைத் துண்டு துண்டாக் கடிச்சுச் சொன்னான், எண்டாலும் எனக்கு விளங்காதோ? செத்த மனுசனை என்ர வீட்டில, என்ர போனில தேடுறாங்கள். உயிரோட இருக்கேக்கயே நான் அவருக்குப் போன் குடுத்ததில்லை.

"ஹீ டெட்" எண்டன். "லோங் டைம் டெட். நோ கோல்."

"ஓ, ஐ ஆம் சோ சொறி" எண்டான்.

"நோ சொறி" எண்டு சொல்லி வைச்சிட்டன்.

பின்னேரம் கத்தரிக்காய்க் குழம்பு வைச்சன். கன நாளைக்குப் பிறகு வாய்க்கு ருசியா இருந்தது.

ஆனி 12, புதன்

மழை. மிதுராவின்ர சப்பாத்து நனைஞ்சு போச்சு.

ஆனி 13, வியாழன்

சுகிர்தா குசினியில நிண்டு சும்மா கதைச்சுக்கொண்டிருந்தாள். படிக்கப் போனால் சட்டையில குத்துற அட்டையில என்ன பேர் வரும் எண்டு மிதுரா கேட்டாள். அதுக்குச் சுகிர்தா சொன்னது: "சுகிர்தா எண்டு வராது. எங்கட ஊரில தேப்பன்ர பேரை முன்னுக்கு எழுதித்தானே பாஸ்போட் எடுக்கிறது? இஞ்சை வந்து இறங்கேக்க அதையே என்ர பேர் எண்டு பதிஞ்சு போட்டாங்கள். வேலையில தெரிஞ்ச ஆக்கள் சுகி எண்டுவினம். கடிதாசி, பாங்க், காலேஜ் எல்லாத்துக்கும் நான் அப்பாதான்."

எனக்குத் தலையிடி. சாப்பாடு வேண்டாமெண்டிட்டன்.

படுக்க முதல் கேட்டுப் பாத்தன், ஒரு தரம் போன் எடுத்து ஆள் இல்லையெண்டால் திரும்ப எடுப்பினமோ எண்டு.

"எடுப்பினம் மாமி. ஏன்?"

"சும்மா."

ஆனி 14, வெள்ளி

சுகிர்தா வேலையால வந்து சப்பாத்துக் கழட்டாமல் வாசலிலேயே நிண்டு போனைப் பாத்தாள். பிறகு கேதீஸைக் கூப்பிட்டாள். குரல் சின்னதா இருந்தது.

"கேதீஸ், நான் செத்துப் போனனாம்."

காலேஜில இருந்து ஈமெயில். குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபமாம். உங்கள் இழப்பில் நாங்களும் பங்கெடுக்கிறம், விண்ணப்பத்தை மூடிவிட்டம் எண்டு எழுதியிருக்கு. செவ்வாய்க்கிழமை இடம் தரக் கூப்பிட்டவையாம், வீட்டில ஒரு வயசான அம்மா விசயத்தைச் சொன்னவவாம்.

கேதீஸ் என்னைப் பாத்தான். மிதுரா என்னைப் பாத்தாள். சுகிர்தா பாக்கேல்லை.

"அவர் கேட்டது உன்ர தேப்பனை" எண்டன். "நான் சொன்னது உண்மை."

அவள் போனைக் கைப்பைக்குள்ள வைச்சாள். பிறகு, "அப்பா செத்து நாலு வருசம் மாமி. இன்னும் அவரை விடமாட்டியளோ?" எண்டாள்.

சப்பாத்தோடயே கீழை போயிட்டாள்.

ஆனி 15, சனி

வீட்டில ஒருத்தரும் சத்தமாக் கதைக்கேல்லை.

கேதீஸ் கொம்பியூட்டரில பதில் எழுதத் தொடங்கினான். நான் அங்கால இருந்தது அவனுக்குத் தெரியாது. "அம்மாக்கு மறதி எண்டு போடுவம்" எண்டான். "டொக்டரே பாத்துக்கொண்டிருக்கிறார், கடிதமும் எடுக்கலாம். நோயாளி சொன்னது எண்டா உடன திருப்பிக் குடுப்பாங்கள்."

சுகிர்தா வேண்டாமெண்டாள்.

"ஏனப்பா? உனக்கு இடம் வேணுமோ இல்லையோ?"

"மாமிக்கு மறதி இல்லை. இல்லாத வருத்தத்தை எழுதி நான் நேர்ஸ் படிக்கப் போறதோ?"

நேற்று என்னட்ட முகம் குடுக்காதவள். நான் எழும்பிப் போய் அவையளுக்கு முன்னால நிண்டன்.

"எழுது கேதீஸ். மறதி எண்டு எழுது. எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை."

"மாமி, என்ர கலியாணத்தில சிரிச்ச மூண்டு பேர் ஆர்?"

வாய் தானாத் திறந்து மூண்டு பேரையும் சொல்லிப்போட்டுது.

"பாத்தீங்களே" எண்டு சொல்லி அவள் கொம்பியூட்டரை மூடினாள். "திங்கக்கிழமை நேர போவம். நீங்களும் வாங்கோ."

ஆனி 17, திங்கள்

காரைக் கேதீஸ் வேலைக்குக் கொண்டு போயிட்டான். ரெண்டு பஸ்ஸும் ஒரு ரெயினும். நான் நீலச் சேலை கட்டினன். காலேஜ் எண்டு நினைச்சதை விடப் பெரிசு. ஒரு கண்ணாடி அறைக்குள்ள பிளாஸ்ரிக் மனுசன் ஒருத்தர் கட்டிலில கிடக்கிறார், கண் சிமிட்டுறார், நெஞ்சு ஏறி இறங்குது. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் அவருக்கு நாடி பிடிக்குதுகள். அவருக்கு என்ன வருத்தம் எண்டு கேட்டன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வருத்தமாம், கொம்பியூட்டர் குடுக்குமாம். இன்னும் கொஞ்சம் நிண்டு பாத்திருப்பன். சுகிர்தா கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போயிட்டாள்.

மேசைக்கு அங்கால ஒரு நரைச்ச தலைப் பொம்பிளை, எனக்கொரு மகள் இருந்தால் அந்த வயசிருக்கும். சுகிர்தா தன்ர அடையாள அட்டையை வைச்சு, நான் சாகேல்லை எண்டாள். பொம்பிளை கண்ணாடியைக் கழட்டினா. என்ன நடந்தது எண்டு என்னையே சொல்லச் சொன்னா. நான் தமிழில சொல்ல, சுகிர்தா இங்கிலீசில சொன்னாள்.

"போனில ஆரைக் கேட்டவை?"

"இவளின்ர தேப்பனை."

"இவவைத்தானே கேட்டது?"

"இவளின்ர பேர் சுகிர்தா. நீங்கள் இவளுக்குத் தேப்பன்ர பேரை வைச்சிருக்கிறியள். அந்த மனுசன் செத்தது உண்மை. நீங்கள் சுகிர்தா எண்டு கேட்டிருந்தால் வேலையால வந்த உடன எடுக்கச் சொல்லியிருப்பன்."

அந்த மனுசன் செத்தது எனக்குக் கவலையோ எண்டும் பொம்பிளை கேட்டா. என்னத்துக்குக் கேட்டாவோ தெரியாது. நான் மை டப்பிக் கதையைச் சொன்னன். சுகிர்தா பாவம், தன்ர தேப்பனைப் பற்றி நான் சொல்லுறதை ஒரு சொல் விடாமல் மாத்திச் சொன்னாள். ஒரு இடத்தில குரல் உடைஞ்சு, பிறகு சரி பண்ணிக்கொண்டு சொன்னாள். அதுக்கு முதல் அந்தக் கதையை அவள் முழுசாக் கேட்டதில்லை எண்டு எனக்கு அப்பதான் விளங்கிச்சுது. எழுத்து நேரம் அவளை உள்ளுக்க வைச்சுச் சோடிச்சுக்கொண்டிருந்தவை.

பிறகு போன் எடுத்த பொடியனைக் கூப்பிட்டா. நான் அண்டைக்குச் சொன்னதை அப்பிடியே திருப்பிச் சொன்னன், "நோ சொறி" உட்பட. பொடியன்ர காது சிவந்து போச்சு. இந்தக் குரல்தான் எண்டான்.

நடந்ததைத் தாளில எழுதி என்னட்டைக் கையெழுத்துக் கேட்டினம். பொம்பிளை சுகிர்தாவைப் பாத்து ஏதோ கேட்டா. சுகிர்தா, "எங்கட மாமி வடிவாக் கையெழுத்து வைப்பா" எண்டு முதல் தமிழில சொல்லிப்போட்டு, பிறகு இங்கிலீசில சொன்னாள். இந்தத் தரம் தாள் கிழியேல்லை.

ஆனா இடம் இல்லை. வரிசையில அடுத்த ஆளைப் புதன்கிழமையே கூப்பிட்டாச்சு, அவர் ஓம் எண்டிட்டார். அவரிட்ட இருந்து திருப்பி எடுக்கிறதோ எண்டு பொம்பிளை தனக்குத் தானே யோசிக்கிற மாதிரிக் கேட்டா.

"வேண்டாம்" எண்டாள் சுகிர்தா.

எழுத்தில கேக்காமல் மூடினது தங்கட பிழை, மேலிடத்தில கதைச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுறம் எண்டினம்.

ரெயினில கேட்டன், ஏன் பிள்ளை வேண்டாமெண்டனீ எண்டு.

"அவரும் வீட்டில சொல்லியிருப்பார்தானே மாமி."

அவர் ஆரெண்டு தெரியவேணும் போல இருந்தது. ஆம்பிளையாம், அவ்வளவுதான் பொம்பிளை வாய் தவறிச் சொன்னவ.

ஆனி 18, செவ்வாய்

ஒண்டுமில்லை.

ஆனி 19, புதன்

சுகிர்தா எலும்புக்கூட்டுப் படத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேல வைச்சிட்டாள். சுவரில நாலு ஆணி மட்டும் நிக்குது. நான் போய் ஈரல் இருந்த இடத்தைப் பாத்திட்டு வந்தன்.

ஆனி 20, வியாழன்

போன் அடிச்சுது. தளபாடக் கடை. சோபா மலிவாம். அவனுக்கு நான் பேசினதை எழுத ஏலாது.

ஆனி 21, வெள்ளி

பின்னேரம் சுகிர்தா கார் கொண்டந்து விட்டிட்டு இறங்கேல்லை. யன்னலால பாத்தன். ஸ்ரியரிங்கில தலையை வைச்சுக்கொண்டு இருக்கிறாள். போய்க் கண்ணாடியைத் தட்டினன். போனைத் தூக்கிக் காட்டினாள், எனக்கு வாசிக்கத் தெரியாத இங்கிலீசை. முகத்தைப் பாத்தன், அது காணும்.

இந்த வருசம் எண்பத்தொரு பேராம்.

"இனித்தான் மாமி கஷ்டம்" எண்டாள். "விடிய ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். உங்களுக்கு ஊசி போட நான் நிக்கமாட்டன்."

எனக்குச் சீனி வருத்தம். இவ்வளவு காலமும் காலமை காலமை அவள்தான் போட்டு விடுறவள். இந்தக் கொப்பியில நான் அதை எழுதேல்லை, எழுத என்ன இருக்கு?

"நான் போட மாட்டனோ?" எண்டன்.

ஆடி 8, திங்கள்

போட்டன். முதல் தரம் ஊசி வளைஞ்சு போச்சு. ரெண்டாம் தரம் சரி. நோகேல்லை எண்டு எழுதினால் பொய்.

புரட்டாதி 22, ஞாயிறு

இண்டைக்குச் சுகிர்தாவோட படிக்க ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். நெடுத்த, கறுத்த ஆள். நாப்பத்தாறு வயசு, எரித்திரியாவாம். இவ்வளவு காலமும் நகரத்தில பஸ் ஓட்டினவர். பேர் டெஸ்ஃபாயே. வாசலில சப்பாத்தைக் கழட்டி ஒழுங்கா வைச்சிட்டு நேர என்னட்ட வந்து ரெண்டு கையாலயும் என்ர கையைப் பிடிச்சார். அவர் சொன்னதைச் சுகிர்தா மாத்திச் சொன்னாள்.

"என்னை ஆனி மாதம் புதன்கிழமை கூப்பிட்டவை. எனக்கு முன்னால ஒரு ஆள் செத்துப்போனபடியாலதான் இந்த இடம் எண்டு போன் எடுத்த பொடியன் பேரோட சொல்லிப்போட்டான். சேர்ச்சில அந்த ஆளுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான். முதல் நாள் வகுப்பில ரீச்சர் பேர் கூப்பிட, அந்த ஆள் எழும்பிக் கையைத் தூக்குது."

அவர் சிரிச்சார். மேல் பல்லில ஒண்டு இல்லை.

"அண்டைக்கு நீங்கள் போன் எடுத்திருக்காட்டி நான் இப்பவும் பஸ்ஸிலதான் அம்மா" எண்டார்.

இருங்கோ, தோசை சுடுறன் எண்டன். அவர் குசினி மேசையில இருந்து கையாலயே சாப்பிட்டார். தங்கட ஊரிலயும் இப்பிடிப் புளிச்ச மாவில சுடுறதாம், ஆனா பெரிசாம், ஒரு தட்டில வீடு முழுக்க இருந்து பிச்சுப் பிச்சுச் சாப்பிடுறதாம். எவ்வளவு பெரிசு எண்டு கேட்டன். கையை விரிச்சுக் காட்டினார். அவ்வளவு பெரிய கல்லு எங்கை வாங்குறது, எப்பிடித் திருப்புறது எண்டு கேட்டன். திருப்புறதில்லையாம், மூடி வைக்கிறதாம். அடுத்த முறை தாயிட்டைக் கேட்டுக்கொண்டு வாறாராம்.

சுகிர்தா சாப்பிடாமல் புத்தகம் எடுக்கக் கீழை போனவள், போனவள்தான். "சுகிர்தா" எண்டு கூப்பிட்டன். சத்தமில்லை. திரும்பவும் கூப்பிட்டன்.

டெஸ்ஃபாயே தலையை ஆட்டினார். "புத்தகத்துக்குள்ள இருக்கேக்க அவவுக்கு அது கேக்காது" எண்டு தன்ர மெதுவான இங்கிலீசில எனக்கு விளங்கத் தக்கதாச் சொன்னார். வகுப்பில, ஆஸ்பத்திரியில, நோயாளியள் எல்லாரும் அட்டையில இருக்கிற பேரைத்தானாம் கூப்பிடுறது. அதுக்குத்தானாம் இப்ப திரும்புறாள். அந்தப் பேரை அவர் சொல்லியும் காட்டினார். ஒரு எழுத்துப் பிசகேல்லை. பழகி எடுத்திருக்கிறார்.

தோசை ஆறிக்கொண்டிருந்தது.

நான் படித் தலைப்பில போய் நிண்டன். கைபிடியைப் பிடிச்சுக்கொண்டன்.

"குலவீரசிங்கம்" எண்டன். "மேல வா."

கீழை கதிரை இழுபட்டது.

"மாமி? என்ன சொன்னனீங்கள்?"

"தோசை ஆறுது எண்டன்."